செம்பருத்தியின் நரம்பு எங்கே போனது?

பூப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு "கலர் ரொம்பத் தூக்கலா இருக்கே" என்று யாராவது சொன்னால், அடுத்த வாக்கியம் என்னவென்று நாமே சொல்லிவிடலாம்: "சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைச்சுடுங்க." குறை சரியானதுதான். பரிகாரம்தான் பெரும்பாலும் வேலைக்கு ஆவதில்லை. குறைத்த பிறகு படம் அடங்கிப்போகிறது. பூ மட்டும் திரும்பி வருவதில்லை. ஏன் என்று பார்க்க வேலியோரத்து ஒற்றைச் செம்பருத்தி ஒன்று போதும்.

அதை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரே சிவப்பாக இருக்காது. தொண்டையில் கருஞ்சிவப்பு. அங்கிருந்து விளிம்புவரை கிளைத்துச் செல்லும் நரம்புகள், இரண்டு நரம்புகளுக்கு நடுவே மெல்லிய மேடு. ஓர் இதழ் இன்னொன்றின்மேல் படிந்த இடத்தில் நிழல். வெயில் ஊடுருவும் இடத்தில் லேசான ஆரஞ்சுச் சாயல். இதே பூவை ஆட்டோவில் எடுத்துக் கணினியில் திறந்து, ஐட்ராப்பரை இதழ்மேல் நகர்த்துங்கள். சிவப்பு 255, பச்சை 0, நீலம் 12. கொஞ்சம் தள்ளி வைத்தால் 255, 0, 9. நரம்பின்மேலேயே வைத்தால் 255, 0, 10. நரம்பு இருந்த இடமும் இல்லாத இடமும் ஏறக்குறைய ஒரே எண். கத்தரித்து ஒட்டிய ஸ்டிக்கர் தாள் போல ஐந்து சிவப்புத் துண்டுகள்தான் மிச்சம்.

இந்த எண்களுக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. சிவப்பு உச்சியில் முட்டி நிற்கிறது. பச்சை அடியில் தட்டி நிற்கிறது. தூக்கல் என்ற ஒரே புகார் இரண்டையும் சேர்த்து மூடிவிடுவதால்தான் வைத்தியம் தவறிப்போகிறது.

உச்சியில் முட்டுவது வெளிச்சத்தின் அளவைப் பொறுத்தது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் மூன்று சேனலும் ஒரே விகிதத்தில் இறங்கும். சிவப்புக்கு இடம் கிடைக்கும். ஆனால் 0-ஐ எதனால் பெருக்கினாலும் 0 தான். எக்ஸ்போஷர் அந்தப் பச்சையைத் தொடவே தொடாது. அடியில் தட்டுவது நிறவெளியின் சிக்கல். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இன்றும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில்தான் உள்ளன. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் அன்றைய குழாய் மானிட்டர்களை மனத்தில் வைத்து முன்வைத்தது அது. நல்ல வெயிலில் விரிந்த செம்பருத்தியின் சிவப்பு பல நேரம் அதற்குள் அடங்குவதில்லை. அடங்காத நிறத்தை அந்தக் கணக்கில் எழுதப் போனால் பச்சைக்கு மைனஸ் எண் வரும். மைனஸுக்கு அங்கே இடமில்லை, 0 என்று வெட்டப்படும். இதற்கு எக்ஸ்போஷரை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. அந்த நிறத்தின் செறிவைத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு மட்டும் தனியாக வருவதைப் பார்க்க வேண்டுமானால் துலுக்கச் சாமந்தியைப் பாருங்கள். சிவப்பு 240-ஐத் தாண்டியிருக்காது, ஹிஸ்டோகிராமில் வலது ஓரம் சுத்தமாக இருக்கும், ஆனாலும் படம் வெந்துபோனது போல் தெரியும். நீலச் சேனலைத் தனியாகத் திறந்தால் பூ இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு. இதழ்களின் மேல் வானம் பட்டு வருகிற வெளிர் மினுமினுப்பு அதிகம் தெரிவது அந்தச் சேனலில்தான். அது போய்விட்டால் இதழுக்கு மேற்பரப்பே இல்லை. இந்தப் படத்துக்கு "ஓவர் எக்ஸ்போஸ் ஆயிடுச்சு" என்று தீர்ப்பு சொல்லி இருட்டாக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். இருட்டான வெந்த ஆரஞ்சு கிடைக்கிறது.

அடுத்த கேள்வி, முட்டியது எங்கே என்பது. சென்சாரிலேயே முட்டியிருந்தால் கதை முடிந்தது. பின்னால் முட்டியிருந்தால் மீட்கலாம். பின்னால் முட்டியதைச் சென்சாரில் முட்டியதாக எண்ணி நல்ல படங்களைக் கழித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கேமராவின் முதுகில் தெரியும் ஹிஸ்டோகிராம் ரா ஃபைலிலிருந்து வருவதல்ல. ஒயிட் பேலன்ஸ், பிக்சர் ஸ்டைல் எல்லாம் ஏற்றிய ஜேபெக்கிலிருந்து வருகிறது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலான கேமராக்கள் ரா எண்களில் சிவப்பை ஏறத்தாழ இரண்டால் பெருக்கியே வெள்ளையை வெள்ளையாக்குகின்றன. ஆக, ஜேபெக்கில் சிவப்பு முட்டி நின்றாலும் ராவில் ஒரு ஸ்டாப் வரை இடம் மிச்சமிருக்க வாய்ப்புண்டு. நிழலில் இருக்கும் பூ என்று 'கிளவுடி' வைத்தால் பெருக்கல் இன்னும் கூடும். சிவப்புப் பூவுக்கு அந்த வெதுவெதுப்பு பெரும்பாலும் தேவையே இல்லை. ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ரா ஹிஸ்டோகிராமையே பார்க்கலாம். தீர்ப்புக்கு முன் சாட்சியைக் கேட்பவர்கள் அங்கே கேட்கட்டும்.

வெள்ளை நிறத்தில் ஒற்றை மலையாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் வேறு வகையில் ஏமாற்றும். அது ஒளிர்வுக் கணக்கு. பழைய வீடியோ சூத்திரப்படி அதில் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 பங்கு. சிவப்பு 255-இல் முட்டி, மற்ற இரண்டும் 0 ஆனால் ஒளிர்வு வெறும் 76. படம் முழுக்கச் சிவப்பு பொங்கி வழிந்தாலும் மலை இடது பக்கம் சாதுவாக உட்கார்ந்திருக்கும். "இன்னும் இடம் இருக்கே" என்று எக்ஸ்போஷரை ஏற்றுபவரைக் குறை சொல்ல முடியாது. கருவி அப்படித்தான் சொன்னது. மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் வசதி பல கேமராக்களின் மெனுவில் இருக்கிறது. பூ எடுப்பவர்கள் அதை நிரந்தரமாகப் போட்டுவிடலாம்.

பூ என்னவோ சிவப்பு, ஆனால் நம் சென்சார்களில் சிவப்புக்குக் கொடுத்த இடம் கால் பங்குதான். கோடாக்கின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த வண்ணச் சல்லடை ஏற்பாட்டில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் செம்பருத்தியை முழுமூச்சாகப் பதிவது 60 லட்சம் புள்ளிகள். எதுவும் முட்டாத நல்ல படத்திலும் சிவப்புப் பூ கொஞ்சம் மென்மையாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். அதை ஷார்ப்னஸ் ஏற்றிச் சரிக்கட்டப் போனால் இதழ் விளிம்பில் கோடு போட்டது போல் ஆகும்.

இனி எதிர்த்தரப்பு. நிறத்தைத் தூக்குவது முழுக்கத் தவறு என்று சொல்லும் தூய்மைவாதம் எனக்கு ஒப்பில்லை. அதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. ஒரே நிறம், வெளிச்சம் கூடக் கூடக் கண்ணுக்கு அதிக வண்ணமாகத் தெரியும். 1952-இல் ஆர்.டபிள்யூ.ஜி. ஹண்ட் எழுதியதிலிருந்து நிறவியலில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாளின் ஒளிர்வு சுமார் 30,000 நிட். நம் மேசை மானிட்டரின் வெள்ளை 200, 300 நிட். நூறில் ஒரு பங்கு வெளிச்சத்தில் அதே எண்களைக் காட்டினால் பூ சோகை பிடித்ததாகவே தெரியும். அளந்தெடுத்த எண்ணுக்கு விசுவாசமான படம் பார்த்த அனுபவத்துக்குத் துரோகமாகிவிடுகிறது. கேமரா நிறுவனங்கள் பெரும்பாலான ஸ்டைல்களில் சற்று ஏற்றித் தருவதில் இந்த நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வாதம் இவ்வளவு வலுவானதல்ல. "நான் பார்த்தப்போ இப்படித்தான் இருந்தது" என்பது அது. 1960-இல் சி.ஜே. பார்ட்டில்சன் நடத்திய ஆய்வில், பழகிய பொருள்களின் நிறத்தை மக்கள் உள்ளதைவிடச் செறிவாக நினைவில் வைத்திருப்பது தெரியவந்தது. ஸ்லைடரை இழுக்கும் கை நினைவின் கை. அது மேலேதான் இழுக்கும். மாலையில் திருத்திய படத்தை மறுநாள் காலையில் பார்த்தால் கூசுகிறது. இழுக்க இழுக்கக் கண் அந்த அளவுக்குப் பழகிவிடுவது அதற்குக் காரணம்.

ரசனை என்ற மூன்றாவது வாதத்தை எண்களால் தோற்கடிக்க முடியாது, தோற்கடிக்கவும் வேண்டியதில்லை. 1990-இல் வந்த ஃபியூஜியின் வெல்வியா ஃபிலிம் நிறத்தைத் தூக்கியதால்தான் பூ எடுப்பவர்களும் இயற்கைக் காட்சி எடுப்பவர்களும் அதைக் கொண்டாடினார்கள். சிவகாசிக் காலண்டரின் தாமரையை யாரும் தாவரவியல் பதிவாக எண்ணி வாங்குவதில்லை; அந்த ரோஸ் அங்கே பொருத்தம். ஆனால் வெல்வியாவில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சரியாக எக்ஸ்போஸ் செய்த ஸ்லைடில் நிறம் கொழுத்திருந்தாலும் இதழின் மேடுபள்ளம் பெரும்பாலும் இருந்தது. கொழுத்த நிறமும் அழிந்த இதழும் ஒன்றல்ல. திறனாய்வின் அளவுகோலை இங்கேதான் வைக்கிறேன்: எவ்வளவு நிறம் என்று கேட்பது வீண், இதழுக்குள் வேறுபாடு மிஞ்சியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலில் மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

பொதுவான சாச்சுரேஷன் ஸ்லைடர் முதலில் தோற்கிறது. 255, 0, 0 என்று அழிந்த ஜேபெக்கில் ஃபோட்டோஷாப்பில் 20 குறைத்தால் சுமார் 230, 25, 25 வரும். இதழ் முழுக்க அதே எண்தான். தட்டையான பளிச் சிவப்பு, தட்டையான மங்கல் சிவப்பாக ஆனது, அவ்வளவே. கூடவே இலையும் மண்ணும் பின்னணியும் வெளுக்கின்றன. ராவிலேயே செய்தால் ஓரளவு பயன் உண்டு, ஆனால் குற்றம் செய்யாத இலைக்கும் தண்டனை.

வைப்ரன்ஸை மென்மையான மாற்று என்று சிபாரிசு செய்கிறவர்கள் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். செறிவு குறைந்த நிறங்களை அதிகமாகவும் செறிந்தவற்றைக் குறைவாகவும் தொடுவதற்கென்றே அது அமைந்தது. ஏற்றும்போது அது நல்ல குணம். இறக்கும்போது அதே குணம் தலைகீழாகிறது: இலை சாம்பல் பூக்கும், செம்பருத்தி அப்படியே எரிந்துகொண்டிருக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

நிறவாரியான ஸ்லைடர்கள், அதாவது சிவப்பை மட்டும், ஆரஞ்சை மட்டும் இறக்குவது, செம்பருத்திக்கு நன்றாகவே உதவுகின்றன. ராவில் சிவப்பின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்கியதும் பச்சைச் சேனலில் நரம்புகள் எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பூவை ஏந்திய விரல்கள் படத்தில் இருந்தால் அவையும் வெளிறும். அதற்கு மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த முறை தடுமாறும் பூ ஒன்று உண்டு, அதுவும் நம் மாநில மலர்.

செங்காந்தள் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கிறது. நன்றாக மலர்ந்த பூவில் அடியும் நெளிந்த விளிம்பும் மஞ்சள், மேற்பாதி சிவப்பு. இதைச் சேனல்களில் பார்த்தால் வியப்பு. மஞ்சளுக்கும் சிவப்பு எண் அதிகம், சிவப்புக்கும் சிவப்பு எண் அதிகம். சிவப்புச் சேனலில் இதழ் கிட்டத்தட்ட ஒரே வெண்மை. மஞ்சள் சிவப்பாக மாறும் கதை முழுக்கப் பச்சைச் சேனலில்தான் நடக்கிறது. அதிக எக்ஸ்போஷரில் சிவப்பு 255-இல் மாட்டிக்கொள்ள, பச்சை மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். 300-க்கு 150 என்று இருக்க வேண்டிய விகிதம் 255-க்கு 150 ஆகும். ஆரஞ்சு மஞ்சள் பக்கம் சாயும், மஞ்சள் விளிம்பு உள்ளே பரவும். வயது ஏற ஏறச் சிவக்கிற இந்தப் பூவுக்கு இது அழகுப் பிழை மட்டுமல்ல, பூவின் வயதையே குறைத்துக் காட்டும் தகவல் பிழை. இதைத் திருத்தச் சிவப்பு ஸ்லைடரை மட்டும் இழுத்தால், சிவப்பு முடிந்து ஆரஞ்சு தொடங்கும் இடத்தில் இதழின் குறுக்கே ஒரு தையல் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகிய மூன்று ஸ்லைடர்களையும் ஒன்றாக இழுக்க வேண்டும், அல்லது இதைக் கைவிட்டு அடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அடி என்பது ப்ரொஃபைல். லைட்ரூமில் ரா ஃபைல் திறக்கும்போதே அடோபி கலர் என்ற ப்ரொஃபைல் ஏறிவிடுகிறது, 2018 முதல் அதுதான் இயல்புநிலை. அதை நியூட்ரலுக்கு மாற்றினால் பல பூக்கள் அந்த ஒரே கிளிக்கில் திரும்பி வந்துவிடும். ஸ்லைடர் எதையும் தொட வேண்டிய அவசியம் இருக்காது. கேமராவிலேயே ஜேபெக் எடுப்பவர்களுக்கு இதற்கு ஈடு, 'விவிட்', 'லேண்ட்ஸ்கேப்' ஆகியவற்றை விட்டுவிட்டு நியூட்ரல் ஸ்டைலில் எடுப்பது. போலரைசர் மாட்டும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். அது இதழின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்குவதால் செறிவு அங்கேயே ஏறிவிடுகிறது. அதன்மேல் விவிட் ஸ்டைலும் என்றால் இரட்டை ஏற்றம்.

கடைசி வாசலில் காத்திருக்கும் பொறியைப் பலர் கவனிப்பதில்லை. லைட்ரூம் கிளாசிக் உள்ளே வேலை செய்வது ப்ரோஃபோட்டோவின் பரந்த வெளியில். அங்கே ஹிஸ்டோகிராம் சமர்த்தாக இருக்கும். எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும் கணத்தில்தான் வெட்டு விழுகிறது. விசைப்பலகையில் 'எஸ்' தட்டி, சாஃப்ட் ப்ரூஃபிங்கில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தால் முன்கூட்டியே தெரியும். பூத் திருத்தம் முழுவதையும் அந்த நிலையில் செய்வதே நல்லது. ஃபோட்டோஷாப்பில் நிறவெளி மாற்றும்போது 'பெர்செப்சுவல்' என்று தேர்ந்தால் நிறங்கள் இதமாக உள்ளே சுருங்கும் என்று பயிற்சி வீடியோக்களில் அடிக்கடி சொல்கிறார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் அந்தச் சுருக்கத்துக்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும் அதே வெட்டுதான். சுருக்கத்தை நாமே கையால் செய்ய வேண்டும், அல்லது டார்க்டேபிளின் கலர் கேலிப்ரேஷனில் இருப்பது போன்ற கேமட் கம்ப்ரெஷன் ஸ்லைடரிடம் விட வேண்டும்.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் இரவிகுளம் பக்கம் பூத்தபோது பரவிய படங்களில் கணிசமானவை மலையை நீல மையில் முக்கியெடுத்தவை. அங்கே நடப்பது வெட்டு அல்ல, சாயல் பிறழ்வு. ஊதா கலந்த நீலப் பூக்களை டிஜிட்டல் கேமராக்கள் ஏற்கெனவே நீலத்தின் பக்கம் தள்ளுகின்றன; ஃபிலிம் காலத்தில் அஜெரேட்டம் போன்ற நீலப் பூக்கள் ரோஸாக வந்ததற்கு இது எதிர்த்திசை. தள்ளிய சாயலைச் செறிவூட்டினால் பிழையும் சேர்ந்து செறிவாகும். இங்கே செறிவைக் குறைப்பதற்கு முன் சாயலை ஊதாவுக்குத் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு பெரும்பாலும் செறிவைக் குறைக்கத் தேவையே இருக்காது.

என் தீர்ப்பு இது. பூப்படத்தின் நிறத் திருத்தம் ராவில் செய்ய வேண்டிய வேலை. ஜேபெக்கில் செய்வது ஒப்பனை. முதலில் ஒயிட் பேலன்ஸும் நியூட்ரல் ப்ரொஃபைலும், அடுத்துச் சிவப்புச் சேனலைப் பார்த்து எக்ஸ்போஷர், அதன்பின் எஸ்ஆர்ஜிபி ப்ரூஃபை வைத்துக்கொண்டு அந்தப் பூவின் நிறத்துக்கு மட்டும் செறிவுக் குறைப்பு. நரம்பு தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்திவிடலாம். அதற்கும் கீழே இழுப்பவர்கள் நேர்மையின் பெயரால் வாடிய பூவைக் காட்டுகிறார்கள். ஹண்ட் சொன்ன கணக்கு அவர்களுக்கு எதிராகவே நிற்கும். பொது சாச்சுரேஷனையும் மைனஸ் வைப்ரன்ஸையும் இந்த வேலைக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தலாம். புதிய ரகத்தைப் பதிவு செய்வது போல நிறமே ஆதாரமாகும் இடத்தில் எந்தப் படமும் போதாது. ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 1966-இல் வெளியிட்ட வண்ண அட்டையின் பிந்தைய பதிப்புகளை இதழருகே பிடித்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் தொடர்வது அதனால்தான்.

சென்சாரிலேயே மூன்று சேனலும் முட்டிப்போன படத்துக்கு மேல்முறையீடு கிடையாது. இழந்ததை ஊகித்து நிரப்பும் கருவிகள் இதழில் வரைவது மென்பொருளின் கற்பனை நரம்பு, அந்தப் பூவின் நரம்பல்ல. அதை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். செம்பருத்தி ஒரு நாள் பூ, ஆனால் செடி நாளைக்கே இன்னொன்றை விரிக்கும். போகும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து வைத்துக்கொண்டு போகலாம். காந்தள் என்றால் அடுத்த மழைவரை பொறுக்க வேண்டும்.